டர்போவில் தொலைந்த காற்று

ஆயுத பூஜை முடிந்த மறு செவ்வாய்க்கிழமை காலை, செங்காட்டுப்புதூர் மேட்டில் என் கார் இழுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த அதே வேளையில், கீழே பேக்கரி அடுப்புக்குள் இருந்த பன்கள் தலையணை அளவுக்கு உப்பின, மழைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் சப்பையாகக் கிடந்த கால்பந்து தானாக எழுந்து உருண்டது, மெஸ்ஸில் வாணலியிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கிய பூரிகள் மத்தியானம் வரை அமுங்கவில்லை, பஞ்சர் கடைக்கு ஒருவர் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் டயர் கடை வாசலிலேயே கல் மாதிரி இறுகிவிட, அவர் கடைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நாளிதழில் நிருபராக இருப்பவனுக்குச் சொந்த ஊரில் நடப்பது கடைசியாகத்தான் தெரியும்.

கார் சாதாரண டீசல் கார். அதைச் சாதாரணமாக இருக்க விடாதவன் நான். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வாகனப் பராமரிப்புப் பகுதியை எழுதிவந்தவர் வேறு பத்திரிகைக்குப் போய்விட, ஆசிரியர் அதை என் தலையில் கட்டினார். நான் மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதை நான் கண்டுபிடித்ததுபோல எழுதினேன். எனக்கு வண்டி தெரியும் என்று வாசகர்கள் நம்பினார்கள். சில மாதங்களில் நானும் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கை முற்றி, ஐம்பது வயதுக்கு மேல், காருக்குப் பெரிய டர்போ மாட்டினேன், அதன் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுத வைத்தேன், காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூம்பு வடிவத்தில் திறந்த ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினேன், சைலன்சர் குழாயைச் சொம்பு நுழையும் அளவுக்கு அகலமாக்கினேன். அதைச் சுற்றி வந்து பார்த்த என் மனைவி, "இந்த வயசுல ஆம்பளைங்க தலைக்குத்தான் சாயம் அடிப்பாங்க. நீங்க வண்டிக்கு அடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள்.

டர்போ என்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. எஞ்சின் வெளியே விடும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் கூடுதலாக எரியும், வண்டி பாயும். விட்ட மூச்சின் வேகத்திலேயே அடுத்த மூச்சை இழுக்கிற கருவி. அந்தச் செவ்வாய்க்கிழமை என் கார் மூச்சை விட்டது, விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது, இழுத்ததாகத் தெரியவில்லை. டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் வட்டத்தில் முள் செத்த பல்லி மாதிரி கிடந்தது. டர்போவின் சீட்டிச் சத்தம் ஆம்புலன்ஸ் ஊளையாக மாறியிருந்தது. பின்னால் கரும்புகை. என்னைத் தாண்டிப் போன டவுன் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காரை ஜெரால்டிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்தவர், அதை வண்டியைத் தொடுவதற்கு முன்பாகச் சொல்லிவிடுவார். எனக்கு டர்போ மாட்டியவரும் அவர்தான்.

"டர்போ மேல சந்தேகமே வேண்டாங்க சார். நான் மாட்டுனது. காத்து எங்கியோ லீக் ஆகுது, அவ்வளவுதான்" என்றார்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, எஞ்சினை முறுக்கச் சொல்லி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பட்டறையின் எதிர்ச்சுவரில் கட்டியிருந்த அரசியல் கட்சியின் ஃபிளெக்ஸ் பேனர் பாய்மரம்போலப் புடைத்து, அதில் இருந்த தலைவருக்குக் கன்னம் வீங்கியது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், காற்றடிக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். ஜெரால்டு ஒரு குழாயை மாற்றினார். பிறகு ஒரு சென்சாரை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இப்ப ஓட்டிப் பாருங்க சார், பறக்கும்" என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன். ஊருக்குள் என்னென்னவோ பறந்தன, கார் மட்டும் பறக்கவில்லை.

என்ன நடக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் துளசிமணி அக்கா. அவருடைய கணவர் தெய்வசிகாமணி அண்ணன் நூல் மில்லில் பஞ்சுப் பொதிகளை உடைத்துக் காற்றில் அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். மில்லை மூடி நாளாகிவிட்டது, ஆனால் அதன் பஞ்சுத் தூசி மட்டும் அவருடைய நெஞ்சுக்குள் வேலையை விடாமல் தங்கிவிட்டது. மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச மூச்சு இருக்காது. படுத்தால் அடைத்துக்கொள்ளும். அதனால் வருஷக்கணக்காக அவர் படுத்ததே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் அடுக்கிய தலையணைகள் மேல் தாடையை வைத்துத்தான் தூக்கம்.

நான் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, முள் அசைகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா ஓடிவந்து கார் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, நிறுத்தாதீங்க! நிறுத்தீராதீங்க சாமி!"

"என்னுங்கக்கா?"

"உங்கண்ணன் படுத்திருக்காருங்க."

நான் பதறி இறங்கப் போனேன். "ஐயோ, அதில்லீங்க தம்பி," என்றார். "படுத்துத் தூங்கறாரு. கையைக் காலை நீட்டி. குறட்டை விட்டுட்டு."

எட்டிப் பார்த்தேன். தெய்வசிகாமணி அண்ணன் பாயில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது, யாரோ உள்ளே காற்றை ஊற்றி ஊற்றி நிறைப்பதுபோல. எஞ்சினை நிறுத்தினால் எழுந்து உட்கார்ந்தார்; ஓடவிட்டால் படுத்தார். மூன்று முறை செய்து பார்த்தோம், பிறகு அந்த மனிதரைப் பரிசோதனை எலியாக்குவது சரியில்லை என்று அக்கா சாவியிலிருந்து என் கையைத் தட்டிவிட்டார்.

இப்படியாக, டர்போ அமுக்கிய காற்று எஞ்சினுக்குப் போகாமல் ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தது, தெரிந்த அன்று சாயங்காலத்துக்குள் அது எல்லோருக்கும் பழகிவிட்டது. எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். பேக்கரிக்காரர் அதிகாலை மாவு பிசைந்து வைத்துவிட்டுக் காருக்காகக் காத்திருந்தார், கோயில் நாதஸ்வரக்காரர் காரைக் கோபுர வாசலில் நிறுத்தச் சொல்லி ஒரே மூச்சில் ஒரு ராகத்தை ஆரம்பித்து உச்சிக்காலப் பூஜை வரை இழுத்தார், கல்யாண மண்டபக்காரர்கள் அப்பளத்துக்காகக் கூப்பிட்டார்கள், துணி துவைப்பவர்கள் கொடியைக் கார் வரும் திசைக்கு முன்பக்கமாக மாற்றிக் கட்டினார்கள், ஏனென்றால் முன்னால் காற்றும் பின்னால் கரியும் வந்தன. ஊரே என் காருக்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டது. பின்னால் நின்று பார்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வார்டு கவுன்சிலர் தலைமையில் ஒரு கமிட்டி உருவாகி எனக்கு வழித்தடம் போட்டுக் கொடுத்தது. அந்த வழித்தடம், எல்லா வழித்தடங்களையும்போல, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியை விட்டுவிட்டது. மறுநாள் காலனிப் பெண்கள் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். "ஊர்க் காத்தும் உங்களுக்கேதானா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நான் காரைக் காலனிக்குள் திருப்பினேன். அங்கே, போட்ட நாளிலிருந்து புஸ்ஸென்ற சத்தத்தைத் தவிர வேறெதுவும் வந்திராத குடிநீர்க் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்து, குடத்தைத் தட்டிவிட்டது. அடுத்த நாள் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் கவுன்சிலரின் பேனர் இருந்தது, குடிநீர் தந்த கோமான் என்று. அதுவும் புடைத்துக்கொண்டுதான் நின்றது.

நஷ்டப்பட்டவர் பஞ்சர் கடை பிஜு ஒருவர்தான். பாலக்காட்டிலிருந்து வந்து கடை போட்டவர். "சாரே, ஊருக்கெல்லாம் காத்து கொடுத்திட்டு என் பொழைப்பைப் பஞ்சராக்கிட்டீங்களே" என்று ஒரு நாள் காருக்குக் குறுக்கே வந்து நின்றார். ஆனால் மறுவாரமே, ஊரில் எல்லா டயர்களும் அளவுக்கு மீறி இறுகி வண்டிகள் தவளைபோலக் குதிக்க ஆரம்பித்ததும், பிஜு கடைப் பலகையை மாற்றி எழுதினார்: இங்கு காற்று இறக்கப்படும். முன்னைவிடக் கூட்டம்.

நான் இதைச் செய்தியாக எழுதி அனுப்பினேன். "அதிகாரிங்க யாராச்சும் உறுதி செஞ்சாங்களா?" என்று உதவி ஆசிரியர் போனில் கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்குக் கீழே, 'காரில் கோளாறு: போக்குவரத்து பாதிப்பு' என்று நாலு வரி வந்திருந்தது. அதில் ஊர்ப் பெயரும் தப்பு.

மத்தியானங்களை நான் தெய்வசிகாமணி அண்ணனுக்கு ஒதுக்கினேன். அவர் சாப்பிட்டு முடித்ததும் காரை வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவேன், அவர் படுப்பார். தூங்கி எழுந்த பிறகு பேசுவார். அவர் முழு வாக்கியம் பேசிய முதல் நாள் அக்கா அழுதார். மூன்றாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

"அத்தனை வருசமா உள்ளயே பொத்தி வெச்சிருந்திருக்காருங்க தம்பி," என்றார் என்னிடம். "எல்லாம் என்னையப் பத்தின குத்தம். நம்ம கண்ணாலத்துல பந்தியில உங்கொப்பன் எங்க சித்தப்பனைக் கவனிக்கலைன்னு ஆரம்பிச்சாரு, இன்னும் கண்ணாலமே முடியல."

"கேளு, கேட்டுட்டே இரு," என்று உள்ளிருந்து அண்ணன் குரல் கொடுத்தார், "நீ தக்காளித் தொக்குல உப்பு எச்சாப் போட்டதையும் வேணும்னேதான் போட்டேங்கறதையும் நான் சொல்ல முடியாம நாற்காலியில உக்காந்து முழிச்சிட்டிருந்தப்ப நீ என்ற மூஞ்சியப் பார்த்துட்டு, என்னமோ புடிச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு இன்னொரு கரண்டி வெச்சியே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லு!"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை. நான் காருக்குள் உட்கார்ந்து, இது நான் செய்த புண்ணியம் என்பதுபோல ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஜெரால்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்குக் காற்று போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஜெரால்டு மாட்டிய வண்டி மேடு ஏறவில்லை என்று நாலு பேர் பேசுவது பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் காரைப் பிடித்து நிறுத்தி, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். ஃபில்டரையும் குழாயையும் கழற்றி, டர்போவின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, சக்கரத்தின் நடுமூக்கைப் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று சத்தம் கேட்டது.

"தண்டு இப்படி ஆடவே கூடாதுங்க சார். இது ஊஞ்சல்ல உக்காந்திருக்குது. பேரிங் போச்சு. றெக்கையெல்லாம் கூட்டுல உரசித் தேஞ்சிருக்குது பாருங்க, ஆயிலும் கசிஞ்சிருக்குது." டார்ச்சை அடித்துக் குனிந்தவர், அதை இன்னும் உள்ளே நீட்டினார். "சார், இதென்னங்க மஞ்சளா, நடுவுல செவப்பா?"

நான் குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் ஒரே ஒரு இறக்கையில், காய்ந்து ஓடாகி, இத்தனை சுழற்சிக்கும் அசையாமல், ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொட்டு" என்றேன்.

"யாரு வெச்சது?"

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, முகப்புக்கு, ஸ்டியரிங்குக்கு, நாலு டயருக்கும் ஜாக்கிக்கும்கூட வைத்துவிட்டு, இத்தனைக்கும் மூலகாரணமான டர்போவுக்கு வைக்காமல் விடுவது நன்றாக இருக்காது என்று தோன்றி, நானே குழாயைக் கழற்றி, கட்டை விரலால் அழுத்தி வைத்தது. வாகனப் பராமரிப்புப் பகுதி எழுதுகிறவன் அல்லவா, குழாயைக் கழற்றத் தெரிந்திருந்தது.

ஜெரால்டு கவிழ்த்து வைத்திருந்த கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சாமானுங்க சார் அது. கடுகு ஒரு பக்கம் ஒட்டுனாலே ஆட்டம் கண்டுரும். நீங்க நெத்தி நெறையப் பொட்டு வெச்சு, அனுப்பி வெச்சிருக்கீங்க."

"நீங்க சென்சார் மாத்தினீங்களே" என்றேன்.

"அதைய வெளிய சொல்லாதீங்க. நானும் பொட்டைச் சொல்லலை."

கை குலுக்கிக்கொண்டோம். சாயங்காலத்துக்குள் பொட்டும் சென்சாரும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தன. அந்த வாரம் லாரிக்காரர்கள், ஜீப்புக்காரர்கள், போர்வெல் வண்டிக்காரர்கள் எல்லாம் அவரவர் டர்போவைத் திறந்து சந்தனப் பொட்டு வைத்தார்கள். ஒருவர் பன்னீரும் தெளித்தார். எந்த வண்டியின் காற்றும் எந்த ஊருக்கும் போகவில்லை. வண்டிகள்தான் ஜெரால்டு பட்டறைக்குப் போயின.

ஆனால் ஜெரால்டு அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். பேரிங் போன டர்போ வழியாக ஆயில் எஞ்சினுக்குள் கசிகிறது. என்றாவது ஒரு நாள் எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன்னுடைய ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும், அப்போது சாவியை எடுத்தாலும் நிற்காது, உச்சத்துக்குப் போய் வெடிக்கும், முன்னால் நிற்பவர்கள் மேல் இரும்பு பறக்கும். "உடனே வேற டர்போ மாத்தியாகோணுங்க சார். மாத்துனா வண்டி பறக்கும். ஊருக்குக் காத்து வருமான்னு என்னையக் கேக்காதீங்க."

கேட்க வேண்டியதில்லை. எஞ்சினுக்குப் போக வேண்டியது எஞ்சினுக்குப் போனால் அண்ணன் மறுபடி நாற்காலிக்குப் போவார், அவ்வளவுதான் கணக்கு. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. நிருபராகப் பிழைப்பவன் கையில் கிடைத்த ஒரே முக்கியமான செய்தியைப் பையில் போட்டுக்கொண்டு, தினமும் மத்தியானம் காரை அந்த வாசலில் நிறுத்தினேன், சாவி மேல் ஒரு கையும் கியர் மேல் ஒரு கையுமாக.

ஒரு மத்தியானம் அது நடந்தது. நான் எதையும் மிதிக்கவில்லை. எஞ்சின் தானாக உறும ஆரம்பித்தது, உறுமல் அலறலானது, வெள்ளைப் புகை தெருவை மூடியது, சாவியைப் பிடுங்கியும் நிற்கவில்லை. ஜெரால்டு சொல்லிக் கொடுத்திருந்தபடி ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக்கை ஏறி மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட்டேன். கார் ஒரு குதி குதித்துத் திணறி நின்றது. புகை விலகியபோது துளசிமணி அக்கா காருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில், கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். காரைத் தடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

கமிட்டி கூடியது. ஜெரால்டு எல்லாவற்றையும் விளக்கினார். டர்போவை மாற்றக்கூடாது, கார் தொடர்ந்து ஓட வேண்டும் என்று ஊர் ஒரே குரலில் முடிவு செய்தது. எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் தகராறு. பேக்கரிக்காரர் பேக்கரியிலிருந்து கொஞ்சம் தள்ளி என்றார். கோயில்காரர்கள் பேக்கரிப் பக்கம் என்றார்கள். கவுன்சிலர் காலனியில் நிறுத்தலாமே என்றார், இத்தனை நாள் கழித்து அவருக்குக் காலனி ஞாபகம் வந்தது. காற்று எல்லோருக்கும் வேண்டும், வெடிப்பது அடுத்த தெருவில் வெடிக்க வேண்டும். நான் நடுநிலையாக இருந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு அப்படித்தான் பெயர்.

"எங்கூட்டு முன்னாலயே நிறுத்துங்க," என்றார் துளசிமணி அக்கா. "யாரும் பக்கத்துல வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

தெய்வசிகாமணி அண்ணன் கூட்டத்துக்கு வந்திருந்தார், இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். கார் பட்டறையில் இருந்ததால் அவரிடம் மூன்று மூன்று வார்த்தைதான் இருந்தது.

"வேண்டாம். மாத்து. டர்போவை," என்றார். மூச்சு வாங்கினார். கூட்டம் காத்திருந்தது. "நான் படுக்க... இவ நிக்கோணுமா... எமனுக்கு முன்னால?"

"நீங்க சும்மா இருங்க," என்றார் அக்கா. "படுத்துத் தூங்கற மூஞ்சியப் பாத்து எத்தனை நாளாச்சு. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது." அவர் என்னைப் பார்த்தார். "தம்பி. நாளைக்கு. ஒருக்காப் போடு." கையால் ஒரு நிமிஷம் இரு என்று காட்டினார். "தூங்க இல்ல. பேச."

மறுநாள் மத்தியானம் தெருவைக் காலி செய்தார்கள். காரை வழக்கத்தைவிடத் தள்ளி, இரும்பு பறந்தாலும் படாதபடி மில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டேன். தெய்வசிகாமணி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, வேப்பமரத்தடியில் நின்று பேச ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஐந்தாவது கியரில் கையும் பிரேக்கில் காலுமாக, புகைக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சின் ஊளைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாய் அசைந்தது, நிற்காமல் அசைந்தது, மூச்சு வாங்குவதற்குக்கூட நிற்காமல் அசைந்தது. அக்கா முதலில் தலையைக் குனிந்திருந்தார், பிறகு அவர் தோளில் ஒரு அடி போட்டார், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. என் வாழ்நாளில் நேரில் போய் நின்ற ஒரே நல்ல செய்தி, அதில் ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் பேசி முடித்து, என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் மறுப்பேதும் சொல்லாமல் நின்றது.

ஜெரால்டு டர்போவை மாற்றினார். பழையதைக் கழற்றி, குழாய்களிலும் காற்றைக் குளிர்விக்கும் கூட்டிலும் தேங்கியிருந்த ஆயிலை வடித்துக் கழுவி, ஆயில் போகும் சின்னக் குழாயைப் புதிதாகப் போட்டு, புது கேஸ்கெட் வைத்து, புது டர்போவின் தொண்டைக்குள் சிரிஞ்சால் ஆயில் ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுழற்றி நனைத்து, எஞ்சின் ஆயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றி, ஸ்டார்ட் ஆகாமல் சும்மா சுற்றவிட்டு ஆயில் ஏறியதும்தான் எஞ்சினை உயிர்ப்பித்தார். "கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டுங்க சார். முறுக்காதீங்க. நிறுத்தும்போதும் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்க" என்றவர், கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனம் இருக்கிறதா என்று.

மேட்டில் ஏறினேன். முள் எழுந்து நின்றது, ஏதோ ஒரு கை என் முதுகை இருக்கையோடு அழுத்தியது, கார் பாய்ந்தது. லாரிகளைத் தாண்டினேன், டவுன் பஸ்ஸைத் தாண்டினேன், மேட்டின் உச்சிக்குப் போனேன். அங்கே தாண்டுவதற்கு வேறெதுவும் இல்லை. ஒரு சுமைதாங்கிக் கல்லும் இரண்டு ஆடுகளும் இருந்தன. காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ஊர் அதற்குள் அமுங்கியிருந்தது. பூரி தட்டோடு தட்டாகக் கிடந்தது. காலனிக் குழாய் புஸ்ஸென்றது, பெண்கள் குடத்தோடு கவுன்சிலர் வீட்டுக்குப் போயிருந்தார்கள், இந்த முறை தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போயிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. வந்ததைப் போலவே போனதும் இரண்டு நாளில் பழகிவிட்டது.

தெய்வசிகாமணி அண்ணன் நாற்காலியில் இருந்தார், தாடை தலையணையில். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து அவரைக்காயின் நார் உரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும், அன்று காதில் விழாமல் போனதைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அண்ணன் என்னதான் சொன்னாருங்க?"

"பாதி என்னையப் பத்தி. அதைச் சொல்ல மாட்டேன்," என்றார் அக்கா. "மீதி உங்களையும் உங்க வண்டியையும் பத்தி. அதையும் சொல்ல மாட்டேன். மனசு சங்கடப்படுவீங்க."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "வண்டி... இப்ப... போகுதா?"

"பறக்குதுங்கண்ணா."

"எங்க... வரைக்கும்... போனே?"

யோசித்தேன். "மேட்டு வரைக்கும் போயிட்டு வந்தனுங்க."

"அங்க... என்ன... இருக்குது?"

"ரெண்டு ஆடுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது, அந்த மனிதரிடம் இருந்த கொஞ்ச மூச்சும் அதில் செலவானது, முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது, அப்போதும் அடக்க முடியாமல் இரண்டு விரலை என் முன்னால் நீட்டிக் காட்டி மறுபடி குலுங்கினார். அக்கா அவரைக்காயைப் போட்டுவிட்டு எழுந்து முதுகைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தார்.

"அவரைச் சிரிக்க வெக்காதீங்கன்னு உங்களுக்கு ஒருத்தர் சொல்லோணுமா? போய் அந்தப் பக்கம் நில்லுங்க."

நான் போய் அந்தப் பக்கம் நின்றேன். எனக்காகச் செலவழித்த மூச்சு அவருக்குத் திரும்பி வரச் சாயங்காலம் ஆயிற்று. அது வரை நின்றுகொண்டுதான் இருந்தேன்.